அறிந்தும்

தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதையே பெருமையாகக் கொண்ட ஒரு மனிதர், ஒரு வாரம் முழுவதும் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுமானால், அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாரநாள்களில் அவர் கண் பரிசோதித்துக் கண்ணாடி பொருத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமையில் கத்தோலிக்கக் கோவிலில் உபதேசியார். புதிதாகத் திருச்சபையில் சேர வருகிறவர்களை உட்கார வைத்து மறைக்கல்வி நடத்துகிறவர். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உபதேசியார் கடை என்றால் கண் தெரியாதவர்கூட வழி காட்டுவார்.

அன்று நாற்காலியில் பால்கடைக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அகன்ற முகத்தில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வட்டவட்டமான கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டிருந்தார் உபதேசியார்.

“இது தெளிவா, இது தெளிவா?”

“முதல்ல போட்டதே தேவலை. எழுத்தெல்லாம் நல்லாத் தெரியணும் உபதேசியாரே. எங்க சபையில பாட்டையும் பிரசங்கத்தையும் சுவத்துல பெரிசாப் போடறாங்க. எனக்கு மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு.”

“மூணாவது வரியைப் படிங்க.”

“படிக்கிறேன், இருங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நான் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கறேன். தண்ணிக்குள்ள இறங்கினா எதிர்ல நிக்கிறது பாஸ்டரா, தூணான்னாவது தெரிய வேண்டாமா?”

உபதேசியார் சிரித்தார். “நல்லது. தூணைக் கட்டிப்பிடிச்சுடாதீங்க.”

“உங்களுக்குச் சிரிப்புத்தான். ஒருவேளை நான் வழுக்கினாலும் பிடிக்க ஆள் இருக்கு. உங்க அக்காவும் என்னோட இறங்கறாங்களே.”

உபதேசியாரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு, நின்றது தெரியக் கூடாதே என்ற அவசரத்தில், கையிலிருந்த கண்ணாடியைச் செருகிவிட்டது.

“என்ன உபதேசியாரே, சுவரையே காணோம்?” என்றாள் பால்கடைக்காரி.

அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். தாய் கண்ணை மூடியபோது அவர் பால்பல் விழாத பிள்ளை. குளிப்பாட்டியது, சோறூட்டியது, பள்ளியில் விட்டது, முதல் நற்கருணைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனது எல்லாம் அவள்தான். சிறுவயதில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவர் பூசை வைப்பதாக விளையாடுவார். அதைப் பார்த்து அவள் வைத்த பெயர் குட்டிச்சாமி. இப்போது அவள் கைம்பெண். இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருக்கிறாள். சில காலமாகக் காது மந்தம். காதில் வைத்துக்கொள்ளும் மெஷின் ஒன்று உண்டு. அது ‘குக்கர் மாதிரிக் கத்துது’ என்று ஊசிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள்.

அந்த அக்கா கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு, பால்கடைக்காரியின் சபைக்குப் போகிறாள்.

கடையை முன்கூட்டியே அடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தபோது, உபதேசியாரின் மனம் தான் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்துக்கு ஓடியது. கத்தோலிக்கத் திருச்சபையைக் கிறிஸ்துவே நிறுவினார், மீட்புக்கு அது தேவை என்று அறிந்தும், அதில் நிலைத்திருக்க மறுக்கிறவர் மீட்படைய முடியாது. அந்த இடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ‘அறிந்தும்’ என்று எழுதி, ‘உம்’ மீது மட்டும் இரண்டு கோடு இழுப்பார். “இந்த உம்மைதான் முக்கியம். அறியாதவர் மேல் இந்தக் குற்றம் இல்லை. ஆன்மாவையே கொல்கிற சாவான பாவத்துக்குக் காரியம் கனமாக இருக்க வேண்டும், அது கனம் என்று தெரிந்திருக்க வேண்டும், மனம் முழுதாக இசைய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது” என்பார். பிறருக்குச் சொன்னபோது அது இலக்கணமாக இருந்தது. இப்போது அந்த இரண்டு கோட்டின் மேல் அக்கா நின்றாள்.

வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. அக்கா தையற்காரி. ஜெபமாலை சொல்லத் தெரியும், கோவிலுக்குப் போகத் தெரியும். இந்தப் பாடமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது? தெரியாதவரை அவள் தப்பினாள். ஆகவே அவளிடம் யாரும் இதைச் சொல்லக் கூடாது. முக்கியமாக, அவர் சொல்லக் கூடாது.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

“ஊருக்கே உபதேசம் பண்றீங்க. கூடப் பொறந்தவங்களுக்கு ஒரு வார்த்தை இல்லையா?”

“சொன்னா அவளுக்குத் தெரிஞ்சுடும்.”

“தெரியறதுக்குத்தானே சொல்றது?”

“தெரிஞ்சும் போனா பாவம். தெரியாமப் போனா பாவமில்ல.”

மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “அப்ப இத்தனை வருஷமா நீங்க சொல்லிக்கொடுத்த சனமெல்லாம், நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா நேரா மோட்சத்துக்குப் போயிருக்கும். பாவம், உங்க கையில வந்து மாட்டிக்கிச்சு.”

பதில் தோன்றாத கேள்விகளை உபதேசியார் பசியின்மை என்ற பெயரில் ஒதுக்கிவிடுவது வழக்கம். “எனக்குச் சாப்பாடு வேண்டாம்” என்று எழுந்துபோனார்.

சும்மா இருப்பது சுகம் என்பார்கள். சும்மா இருக்கச் செய்ய வேண்டிய வேலைகள் எத்தனை என்று உபதேசியாருக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. புதன்கிழமை கோவில் மாதர் சங்கத் தலைவி கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

“கேள்விப்பட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. இப்பவே போய் உங்க அக்காகிட்ட நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன். கோவிலை விட்டுப் போறது எவ்வளவு பெரிய குத்தம்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?”

“வேண்டாம்” என்றார் உபதேசியார்.

“என்ன?”

“வேண்டாம்... இந்தக் கோணல் கண்ணாடிச் சட்டத்தோட நீங்க மாடிப்படி ஏற வேண்டாம்னு சொல்றேன். பாருங்க, ஒரு பக்கம் இறங்கியிருக்கு. விழுந்துடுவீங்க. கழட்டுங்க, கழட்டுங்க.”

சட்டம் அவள் நெற்றியைப் போலவே நேராகத்தான் இருந்தது. ஆனால் தொழிலறிந்தவர் சொல்லும்போது மறுக்க முடியுமா? கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார் உபதேசியார். கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெருவைக் கடக்கத் தெரியாது; வீட்டுக்கே அவர்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது ஒரு பொய்யும் ஒரு களவும் சேர்ந்து தன் சட்டைப் பையில் இருப்பதாக அவருக்குப் பட்டது.

மறுநாள் அவரே அக்கா கடைக்குப் போனார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனால் வாய் தவறிவிடும். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது கொள்ளியின் நடுவில் நிற்க இடமிருக்கும்.

கடையில் இரண்டு பெண்கள் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குறுக்குக் கம்பியில் வெள்ளை அங்கிகள் வரிசையாகத் தொங்கின: கழுத்துவரை மூடியவை, கை நீளமானவை, தண்ணீரில் மேலே மிதக்காதபடி கீழ் விளிம்பில் கனமான பட்டை வைத்துத் தைத்தவை. ஞாயிற்றுக்கிழமை இறங்கப் போகிறவர்களுக்கானவை என்று சொல்லாமலே தெரிந்தது. கடைசி அங்கி தொளதொளவென்று இருந்தது. தோளிலிருந்து இறங்கிய அந்த வெட்டு அக்கா தனக்கென்று தைத்துக்கொள்ளும் வெட்டு. உபதேசியார் அதைப் பார்க்காமல் இருக்கக் கூரையைப் பார்த்தார்.

அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மந்தமானதிலிருந்து அவள் மனிதர்களை அப்படித்தான் பார்ப்பாள், அடுத்த சொல் எந்த வடிவில் வரும் என்று.

“வாடா குட்டிச்சாமி. என்ன இந்தப் பக்கம்?”

“பட்டன்... சட்டையில பட்டன் விட்டுப்போச்சு” என்றார். விட்டுப்போகவில்லை. வாசலில் நின்று அவரே பிய்த்திருந்தார்.

அக்கா ஒன்றும் கேட்காமல் ஊசியில் நூலைக் கோத்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லாமல், சிறுபிள்ளைக்குச் செய்வதுபோல் அவர் மேலேயே வைத்துத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“வேற ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணுமே இல்லையா?”

அவர் தலையை ஆட்டினார். அக்காவின் முகத்தில் விளக்கைத் தணித்ததுபோல் ஏதோ இறங்கியது. அவள் திரும்பி, கம்பியில் தொங்கிய அங்கியின் ஓரத்தில் நூல் பிசிறை வெட்டத் தொடங்கினாள். உபதேசியார் தப்பித்துவிட்டோம் என்ற நினைப்போடு வெளியே வந்தார்.

வெள்ளிக்கிழமை அவரால் முடியவில்லை. கோவிலுக்குப் போனார். பங்குச் சாமியார் ஓர் ஏணியின் உச்சியில் நின்று, வாயில் திருகாணிகளைக் கடித்துக்கொண்டு, ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவரில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

“பின்வரிசையில ஒரே எதிரொலி, உபதேசியாரே. நான் ஒண்ணு சொன்னா தூண் மூணு சொல்லுது. ஏணியைப் பிடிங்க.”

பிடித்தார். “சாமி, பொதுவா ஒரு சந்தேகம். ஒருத்தர்...”

“பொதுவான ஒருத்தர் உங்க அக்காவா?”

“சாமிக்கு யார் சொன்னது?”

“மாதர் சங்கத் தலைவி. கண்ணாடி இல்லாம, என்னைன்னு நினைச்சு, பீடத்துல நிக்கிற அந்தோனியார் சுரூபத்துகிட்ட அரைமணி நேரம் புகார் சொல்லிட்டு, அப்புறம் என்கிட்ட வந்தாங்க.” சாமியார் இரண்டு படி இறங்கி உட்கார்ந்தார். “சொல்லுங்க.”

உபதேசியார் சொன்னார். உம்மையைச் சொன்னார், மூன்று நிபந்தனைகளைச் சொன்னார், தன் மௌனத்தையும் சொன்னார். சாமியார் கடைசித் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார்.

“போறது சின்னக் காரியம்னு நான் சொல்ல மாட்டேன். கனமான காரியம்தான். அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவங்க மேல பிரிஞ்ச குத்தம் கிடையாது. அவங்களும் ஞானஸ்நானம் பெத்த சகோதரங்கதான். ஆனா உள்ள இருந்துட்டு, தெரிஞ்சு, மனசாரக் கதவைச் சாத்திட்டுப் போறது வேற. அப்பவும் ஞானஸ்நான முத்திரை அழியறதில்ல. என்னைக்குத் திரும்பினாலும் மறுபடி தண்ணி ஊத்த மாட்டோம். பாவத்தை ஒத்துக்கிட்டு ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம், அவ்வளவுதான். இதெல்லாம் நீங்க நடத்தற பாடம்.”

“அதான் சாமி. தெரியாம இருந்தா...”

“தெரியாம இருக்கறது வேற. தெரிஞ்சுடக் கூடாதுன்னு பக்கத்துல காவல் நிக்கறது வேற. அவங்க மனசுல எது எவ்வளவு தெரியும்னு அளக்க உங்க கடையில கண்ணாடி இருக்கா? அது ஆண்டவர் கடைச் சரக்கு. நமக்கு அங்க வேலை இல்ல.”

உபதேசியார் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“ஒரு கதை சொல்றேன்” என்றார் சாமியார். “ஒரு கோழி. வானத்துல பருந்து வட்டம் போடுது. பாத்தா குஞ்சுகள் பயந்துடுமேன்னு, ரெண்டு றெக்கையாலயும் அதுகளோட கண்ணைப் பொத்திக்கிட்டு, மூச்சுக்கூட விடாம நின்னுச்சாம். இருட்டுல குஞ்சுகளுக்கு ஒண்ணும் தெரியல. அம்மா சத்தமும் இல்ல. அம்மா போயிட்டாளேன்னு, அம்மாவைத் தேடிக்கிட்டு வெட்டவெளியில ஓடுச்சாம்.”

“பருந்து யாரு சாமி? அந்தப் பாஸ்டரா?”

“சே, அவர் நல்ல மனுஷன். இந்த ஏணியே அவர் கொடுத்ததுதான். பருந்தை விடுங்க. கதையில நீங்க கோழி.”

அன்றைய மாலையும் மறுநாள் முற்பகலும் உபதேசியார் அந்தக் கோழியைச் சுமந்துகொண்டு திரிந்தார். சொன்னால் அறிந்தவளாக்கிவிடுவேன், சொல்லாவிட்டால் அனாதையாக்கிவிடுவேன். சனிக்கிழமை நடுப்பகலில், நெருப்பை மடியில் கட்டிக்கொண்டவர்போல் அக்கா கடைக்குள் நுழைந்தார்.

கடைசி நாள் வேலை. மெஷின்கள் இரண்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அக்காவைத் தொடுவதில்லை. தொட்டது அவரைத்தான்.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று கத்தினார்.

“பட்டனா?”

“இல்ல. நீ நாளைக்குப் போறது... அது சாதாரணக் காரியமில்ல. திருச்சபையைக் கிறிஸ்து நிறுவினாருன்னு அறிந்தும் அதை விட்டு...”

மெஷின்கள் சட்டென்று நின்றன. ‘விட்டு’ என்ற சொல் மட்டும் தெருவைக் கடந்து எதிர்க்கடை வரைக்கும் போனது. இரண்டு பெண்களும் தங்கள் நூற்கண்டுகளில் மிகுந்த அக்கறை கொண்டார்கள்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். “சொல்லு. அறிந்தும்?”

“அறிந்தும் அதை விட்டுப் போறது... நான் சொல்லியிருக்கக் கூடாது. இது உனக்குத் தெரியாம இருந்திருந்தா உன் மேல பாவம் இருந்திருக்காது. நான் சொல்லிக் கெடுத்துட்டேன்.”

அக்கா மெதுவாகக் கையை உயர்த்தி, முடி கொட்டிப்போன அவர் உச்சந்தலையில் விரல்முட்டியால் ஒரு குட்டு வைத்தாள்.

“இது ஞாபகம் இருக்கா?”

“எது?”

“நீ உபதேசியார் பரிட்சைக்குப் படிச்சப்ப, புத்தகத்தை வச்சுக்கிட்டுக் கேள்வி கேட்டது யாரு? நீ இந்தப் பதில் வரும்போதெல்லாம் ‘அறிந்து’ன்னு முழுங்கிட்டுப் போவே. ‘உம்மு எங்கடா, உம்மு’ன்னு குட்டினது யாரு? அந்த ‘உம்’மை உனக்குக் கொடுத்ததே நான்தான். என்கிட்டேருந்தே மறைக்கிறியா?”

உபதேசியார் அங்கிகளுக்கு அடியில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. ஆனால் பூனைக்கு அது தெரிய ஒரு குட்டு வேண்டியிருக்கிறது. பொத்திப் பொத்திக் காத்த அறியாமை ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. அந்த நினைப்பு நிம்மதி தரும் முன்பே அதன் பின்னாலிருந்து பெரிய பயம் எட்டிப் பார்த்தது.

“அப்ப உனக்குத் தெரியும்.”

“தெரியும். தெரிஞ்சுதான் தூக்கம் வராமக் கிடக்கேன்.” அக்கா எதிரே உட்கார்ந்தாள். “கேளு. நம்ம கோவில்ல எனக்கு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. எல்லாரும் எழுந்தா எழுந்திருப்பேன், உக்காந்தா உக்காருவேன். நீ மேல நின்னு வாசகம் படிப்பே. உன் வாய் அசையறது தெரியும். ஒரு நாள் சாமி ஏதோ சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சோம்னு தெரியல. வீட்டுக்கு வந்து அழுதேன். அங்க போனா முதல் வரிசையில உக்கார வைக்கிறாங்க. சொல்றதையெல்லாம் சுவத்துல எழுதிப் போடறாங்க. எத்தனையோ நாளைக்கப்புறம் ஒரு பிரசங்கம் முழுசாப் புரிஞ்சுது. எனக்குப் பசிடா, குட்டிச்சாமி.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“முந்தாநாள் வந்தியே. கேட்டேனே, வேற ஒண்ணும் இல்லையான்னு. ரெண்டு தடவை கேட்டேன். நீ திட்டுவே, அழுவே, பாடம் நடத்துவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீ பட்டனைக் காட்டினே. சரி, நான் போனாலும் இருந்தாலும் இவனுக்கு ஒண்ணுதான்னு நினைச்சுக்கிட்டேன்.”

சாமியாரின் கோழி வந்து உபதேசியாரின் நெஞ்சில் உட்கார்ந்தது.

“உபதேசியாராச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்றாள் அக்கா. “தம்பியா ஏதாவது இருந்தாச் சொல்லு.”

அவருக்கு எந்தப் புத்தகமும் உதவவில்லை. “நற்கருணை வரிசையில நான் திரும்பிப் பாப்பேன்” என்றார், அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்க. “வாராவாரம் பாப்பேன். நீ பின்னால நிப்பே. அங்க இருக்கறது ஆண்டவரோட உடல்னு முதல்ல என் காதுல சொன்னவ நீ. அதை விட்டுட்டு நீ வேற எங்கயோ இருக்கறதும், நான் மட்டும் வாங்கறதும்... என்னால முடியாதுக்கா. உன் ஆன்மாவுக்கு என்ன ஆகும்னு பயமா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன், பயமா இருக்கு.”

“மிரட்டறியா, கெஞ்சறியா?”

“கெஞ்சறேன்.”

“அதை ஏன் இவ்வளவு சத்தமாக் கெஞ்சறே? எதிர்க்கடைக்காரன் எட்டிப் பாக்கறான்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “போ. வேலை கிடக்கு. நாளைக்கு வரேன்னும் சொல்ல மாட்டேன், போறேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கே தெரியல.”

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அக்கா வரவில்லை. பின்வரிசையில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. உபதேசியார் வாசகம் படிக்க வேறொருவரை ஏற்பாடு செய்துவிட்டு, முதல் வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடி அளவு எழுதும் துண்டுச் சீட்டுகளை எடுத்தார். சாமியார் பேசப் பேச எழுதினார். ஒரு சீட்டு தீர்ந்தால் அடுத்தது. நடுவில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதையும் ஒரு சொல் விடாமல் எழுதி, பக்கத்தில் ‘இங்கே எல்லாரும் சிரித்தார்கள்’ என்று குறித்தார்.

பூசை முடிந்ததும் பால்கடைக்காரி சபையின் ஜெபக்கூடத்துக்கு ஏறக்குறைய ஓடினார். அது முன்பு மரச்சாமான் கடையாக இருந்த கட்டடம். கண்ணாடிக் கதவில் பழைய கடையின் பெயர், எத்தனை சுரண்டியும் போகாமல், நிழலாகத் தெரிந்தது. எதிர் நடைபாதையில் நின்றார். கதவு திறந்தது. ஈரத்தலைகளோடு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முகத்தில் மகிழ்ச்சி, தோளில் துண்டு. ஒவ்வொரு ஈரத்தலையும் அவர் நெஞ்சில் ஒரு துளியாகச் சொட்டியது.

பால்கடைக்காரி அவரைக் கண்டுகொண்டாள். “உபதேசியாரே, கண்ணாடி பிரமாதம். பாஸ்டர் மூக்கு மேல இருக்கற மச்சம்கூடத் தெரிஞ்சுது.”

“அக்கா...”

“உள்ளதான் இருக்காங்க. தலை துவட்டிட்டு வர்றாங்க.”

முடிந்தது. உபதேசியார் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்லப் போகிறோம் என்று தேடினார். பாடங்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் அவர் உள்ளே விடவில்லை. திட்டக் கூடாது; முகத்தைத் திருப்பக் கூடாது; இன்னொரு முறை கோழி வேலை பார்க்கக் கூடாது.

அக்கா வந்தாள். தோளில் ஈரத்துண்டு. முழங்கை வரைக்கும் நனைந்த கை. அவர் கண் மேலே போயிற்று.

தலை காய்ந்திருந்தது.

“என்ன உச்சந்தலையையே பாக்கறே? நான் குட்டினதுக்குப் பதில் குட்டா?”

“தலை துவட்டறேன்னு சொன்னாங்க.”

“ஊர்த் தலையையெல்லாம் துவட்டி விட்டேன். தண்ணியில இறங்கினவங்களுக்கு ஆள் வேண்டாமா?” அவள் துண்டைப் பிழிந்துகொண்டே பால்கடைக்காரியைக் காட்டினாள். “என் அங்கியை இவ போட்டுக்கிட்டா. அளவு எடுத்தப்ப மூச்சை உள்ள இழுத்துக்கிட்டு நின்னிருக்கா. இன்னிக்கு இவ அங்கி இவளுக்கே ஏறல. என்னோடது தொளதொளன்னுதான் தைச்சிருந்தேன். அதுவும் தண்ணிக்குள்ள பக்கத் தையல் விட்டுப்போச்சு.”

“தைக்கிறப்ப இருந்த பக்தி தையல்ல இல்ல” என்று சொல்லிவிட்டுப் பால்கடைக்காரி சிரித்துக்கொண்டே போனாள்.

இருவரும் நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்காவே சொன்னாள்.

“இறங்கறதுக்கு முன்னாடி பாஸ்டர் கேட்டாரு. குழந்தையில பண்ணினது ஞானஸ்நானமே இல்லன்னு ஒத்துக்கிறீங்களான்னு. எழுதியும் காட்டினாரு. அம்மா என்னைத் தூக்கிக்கிட்டுப் போய் வாங்கின ஞானஸ்நானம். அது இல்லவே இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? வாய் வரல. அவர் கோவிச்சுக்கல. ‘அம்மா, தயாரா இருக்கறப்ப வாங்க’ன்னாரு. நல்ல மனுஷன்.” சற்று நிறுத்தினாள். “அந்த ‘உம்’ பொல்லாததுடா. அதை வச்சுக்கிட்டு ஒருத்தி தண்ணிக்குள்ள இறங்க முடியாது.”

உபதேசியாரின் மூச்சு ஒரு வாரத்துக்குப் பிறகு அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் அடுத்த வாரம் அவள் எந்தச் சபையின் முதல் வரிசையில் இருப்பாள் என்று கேட்க நாக்கு துடித்தது. அதை அடக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

“என்னடா இது, என் கண்ணுக்கு என்ன?”

“கண்ணுக்கில்ல. படி.”

அவள் கையை நீட்டிப் பிடித்துப் படித்தாள். முதல் சீட்டு, இரண்டாவது. மூன்றாவதில் அவள் புருவம் உயர்ந்தது. சாமியார் திருப்பி வைத்த ஒலிபெருக்கியைச் சோதிக்க, ‘பின்வரிசைக்குக் கேட்கிறதா?’ என்று கேட்டாராம். ‘கேட்கலை சாமி’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ‘கேட்கலைன்னா, கேட்குதான்னு நான் கேட்டது எப்படி உமக்குக் கேட்டுச்சு?’

அக்காவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெஞ்சின் மறுகோடியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் குறிப்பைத் தொட்டுக் காட்டினாள்: இங்கே எல்லாரும் சிரித்தார்கள்.

“இன்னிக்கு எதுக்குச் சிரிக்கிறேன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

பேருந்து வந்தது. சீட்டுகளை அடுக்கி இரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அவள் எழுந்தாள். “அடுத்த வாரமும் எழுதி வை, குட்டிச்சாமி. நான் எங்க இருந்தாலும்.”

எங்கே இருந்தாலும். இங்கேயும் ஓர் உம்மை. அதன் பொருளைக் கேட்டுத் தெளிய அவருக்கு ஆசைதான். கேட்காமல், அவளுக்கு முன்னால் ஏறி, தனக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்தார்.